கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம்

கோவில்பட்டி ஜவுளிக்கடையில் நானும் அவளும் ஒரு கட்டுக் கறுப்புத் துணி கேட்டபோது கடைக்கார அண்ணாச்சி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல எத்தனை பேரு மலைக்குப் போறாவ, தாயி?" என்றார். ஐயப்பனுக்கு மாலை போட இன்னும் நாள் கிடந்தது. "நாங்க ரெண்டு பேருந்தான் அண்ணாச்சி" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கடை வாசலைத் தாண்டிய பிறகுதான் இருவரும் வெடித்துச் சிரித்தோம்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் எழுந்திருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் விரிவுரையாளர்கள். அவள் குளத்தூர்ப் பக்கம், நான் இடைசெவல் பக்கம். இரண்டு வீட்டிலும் விவசாயம். ஆய்வக மூலையில் நாங்கள் செய்த வேலையை வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சிலிக்கோன் ரப்பரில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கால்வாய். அதில் சாயம் கலந்த துளிகள் ஓடும். நீல லேசரை அந்தக் கால்வாயின் மேல் சரியாக விழவைத்தால் சாயம் பச்சையாக ஒளிரும். எதிரே இருக்கும் உணரி அந்த ஒளியைப் பிடித்துக் கணினித் திரையில் கோடாக உயர்த்தும். லேசர், கால்வாய், உணரி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். ஒரு முடி விலகினாலும் கோடு படுத்தே கிடக்கும். என்றாவது ஒருநாள் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்தே சோதித்துவிடலாம் என்று எங்களுக்கு ஒரு கனவு.

உணரிக்குக் கும்மிருட்டு வேண்டும். அதற்குத்தான் கறுப்புத் துணி. மேசையைச் சுற்றிக் கூடாரம்போலக் கட்டினோம். திரையின் வெளிச்சம்கூட உள்ளே நுழையக் கூடாது என்பதால் கணினியை வெளியே வைத்தோம். ஒருத்தி உள்ளே உட்கார்ந்து லேசரை நகர்த்தும் திருகைத் திருப்புவாள். மற்றவள் வெளியே கோட்டைப் பார்த்துச் சொல்வாள். பெரும்பாலும் உள்ளே நான். எனக்குக் கை நிதானம், வாய்தான் நிதானமில்லை. துணிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வரும். "கொஞ்சம் வலது... இன்னும் கொஞ்சம்... ஏட்டி, தாண்டிட்ட, திரும்பு." உள்ளே புழுக்கத்தில் வேர்த்து ஊற்றும். ஆனாலும் அந்த இருட்டில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மதியங்களைப் போன்ற நேரம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. இன்றும் அதற்கு ஏங்குகிறேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வெளிநாட்டில் வேலை. அவளுக்கோ சென்னையில் முழுநேர ஆராய்ச்சியில் சேர ஆசை. அங்கே சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பேராசிரியர், கோடு ஒருநாள் எழுந்தால் போதாது, தொடர்ந்து சில நாள் மாறாமல் எழவேண்டும், அதைக் காட்டு என்றிருந்தார். அவள் அப்பா நல்ல மனிதர், ஆனால் கெடு வைத்துவிட்டார். "தீவாளி வரைக்கும் பாரு தாயி. அதுக்குள்ள வந்துச்சுன்னா மாப்பிள்ள வீட்டுல நான் பேசுதேன். இல்லைன்னா கார்த்திகையில முகூர்த்தம்." அவளைவிட எனக்குத்தான் அந்தக் கோடு அதிகம் தேவைப்பட்டது. சென்னை என்றால் ஒரு ராத்திரிப் பயணம்தான், கடல் தாண்டி அவள் போய்விடக் கூடாது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் சாயத்தைத் திட்டினேன், துளிகளைத் தள்ளும் பம்பைத் திட்டினேன், மின்வெட்டைத் திட்டினேன்.

ஐப்பசி பிறந்த வாரத்தில் கோடு எழுந்தது. அவள் போட்ட கத்தலில் பக்கத்து வகுப்பில் பாடமே நின்றுவிட்டது. துணியை விலக்கிக்கொண்டு ஓடிவந்து பார்த்தேன். துளி ஒன்று கடக்கும்போதெல்லாம் கோடு விருட்டென்று நிமிர்ந்து இறங்கியது. எதையும் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டுப் போனோம். அன்று ராத்திரி நல்ல மழை.

மறுநாள் கோடு இல்லை. "நீ திருகைத் தொட்டியா?" என்று கேட்டேன். "நான் எதுக்குட்டி தொடப் போறேன்?" என்றாள். அரைநாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மறுபடி உட்கார்ந்து, திருகித் திருகி ஒளியைப் பிடித்தோம். சாப்பிட்டு வருவதற்குள் நழுவியிருந்தது. மழை விடவில்லை, எங்கள் கதையும் மாறவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் ஆய்வகக் கதவு திறக்க மறுத்தது. நிலையோடு இறுகிக் கிடந்தது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். தள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, மண்ணுல்லா உப்பிக் கெடக்கு" என்றாள்.

கரிசல் மண் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை விழுந்தால் உப்பி எழும். சுவரில் ஒரு விரிசல் மூடும், இன்னொன்று திறக்கும். மழைக்குக் கதவு இறுகுவது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும் மேசை அதிருமே என்று பயந்து லேசரைச் சுவரில் அடித்த இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தோம். தகடு மட்டும் தரையில் நின்ற மேசை மேல். சுவர் ஒரு பக்கம் போனது, தரை ஒரு பக்கம் எழுந்தது. நடுவில் தலைமுடி அகலத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். வெளியூர்க்காரர் யாராவது இதைச் செய்திருந்தால் கேலி பண்ணியே ஊரைவிட்டு விரட்டியிருப்போம். அன்றும் சிரித்தோம்தான். சிரித்துக்கொண்டே அவள் அழுதாள்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. மணமேடையில் அவள் காதருகே குனிந்து "போகாதே" என்று சொல்ல நினைத்தேன். "முந்தானையைச் சரிபண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவள் விமானம் ஏறிய பிறகு, வீட்டில் சும்மா கிடந்த கருங்கல் பலகை ஒன்றை ஆய்வகத்துக்கு ஏற்றிப் போனேன். அடியில் காற்றடித்த சைக்கிள் டியூப்களைக் கொடுத்து, லேசர், தகடு, உணரி மூன்றையும் அந்தக் கல்லின் மேலேயே பொருத்தினேன். மண் எப்படிப் புரண்டாலும் மூன்றும் சேர்ந்தே அசையட்டும். உள்ளே ஒரு திருகு, வெளியே ஓடி ஒரு பார்வை, மறுபடி உள்ளே. துணைக்கு ஒரு மாணவியைக் கூப்பிட்டிருக்கலாம். அந்த இடத்தில் இன்னொரு குரலைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மார்கழி முடியும் முன்பு கோடு எழுந்தது. மறுநாளும் எழுந்தது. இடையில் ஒரு மழை பெய்தது, அப்போதும் எழுந்தது.

பொங்கலன்று அவள் போன் செய்தாள். "கோடு வந்துட்டுட்டி. இப்பம் அசையவே மாட்டேங்கு" என்றேன். அந்த ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் உளுந்தும் பாசிப்பயறும் பல வருடங்களுக்குப் பிறகு நன்றாக விளைந்திருந்தன. அவள் அப்பாவைச் சந்தையில் பார்த்திருந்தேன். அவர் முகமே நிறைந்திருந்தது.

"இன்னும் பத்து நாளு மழை பெய்யாம இருந்திருக்கலாம்" என்றாள்.

மழையையே நம்பிப் பயிர் செய்யும் கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஐப்பசியிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாட்டி" என்றேன்.