ரோஸ்மேரி கட்டிய ஏழு வருட ஃபீஸ்

ரோஸ்மேரிக்குக் கடன் என்ற சொல்லே ஆகாது. பனியன் கம்பெனியில் அவளோடு ஓவர்லாக் மிஷின் ஓட்டும் பெண்கள் எல்லோரும் வாரவட்டிக்காரனிடமும் மகளிர் குழுவிலும் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. புருஷன் சவரிமுத்து பல்லடம் ரோட்டில் லாரி மோதிச் செத்தபோதுகூட, அடக்கச் செலவுக்குக் காதுத் தோட்டைக் கழற்றி விற்றாளே தவிர யாரிடமும் கை நீட்டவில்லை. அப்போது மகள் ஷைனிக்கு எட்டு வயது.

இந்தப் பயத்துக்குக் காரணம் அவள் தம்பி ஜெரால்டு. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா பனையேறி வளர்த்த பையன். பேங்கில் லோன் போட்டு என்ஜினியரிங் படித்தான். படித்து முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தான். பிறகு கிடைத்த வேலையில் வந்த சம்பளம் அவன் சாப்பாட்டுக்கும் ரூம் வாடகைக்குமே பற்றவில்லை. வட்டி ஏறிக்கொண்டே போனது. பேங்க் ஆட்கள் ஜீப்பில் வந்து வீட்டு முன்னால் நின்று சத்தமாகப் பேசியதை ஊரே பார்த்தது. அன்றைக்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஜெரால்டு போன் நம்பரை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டான். அப்பாவை அடக்கம் செய்த அன்று ரோஸ்மேரி மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள், தன் பிள்ளையின் படிப்புக்காக எந்தப் பேங்க் படியும் ஏறுவதில்லை என்று.

அதற்கு அவளிடம் ஒரு வழியும் இருந்தது. ஷைனி ஐந்தாம் வகுப்பு வரை பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தாள். நன்றாகவே படித்தாள். ஆறாம் வகுப்புக்கு டி.சி. கேட்டுப் போனபோது தலைமை ஆசிரியை விடவில்லை.

"ஏனுங்க ரோஸ்மேரி, நல்லாப் படிக்கிற புள்ளைங்க. இங்கயே இருக்கட்டுங்க. எதுக்குக் காசைக் கரியாக்கறீங்க?"

"இல்ல டீச்சர். இங்கிலீசு மீடியத்துல படிச்சா மார்க்கு வரும். மார்க்கு வந்தா கவர்மென்டு சீட்டு கெடைக்கும். கடன் கிடன் இல்லாம இவளைக் கரையேத்திருவேன்."

ஷைனியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சத்யப்பிரியா அங்கேயே தொடர்ந்தாள். அவள் அம்மா கருத்தம்மா அதே கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். அடுத்த லைன் வீட்டில் குடியிருப்பவள். "என்னால முடியாதுக்கா. உனக்குத் தைரியம்" என்று அன்றைக்குச் சொன்னாள்.

ஏழு வருடம் ரோஸ்மேரி ஃபீஸ் கட்டினாள். கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் முதலில் கை தூக்குவது அவள்தான். தீபாவளிக்குப் புடவை எடுப்பதில்லை, ஊர்த் திருவிழாவுக்குப் போவதில்லை. டெர்ம் ஃபீஸ், புத்தகம், ஷூ, வேன் என்று ஜூன் மாதம் வந்தால், எடுத்து வைத்த தீபாவளி போனஸ் பணம் முழுக்கப் போகும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீச்சரம்மாக்கள் இங்கிலீசில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் புரியாது. ஆனாலும் அந்த அரை மணி நேரம் அவளுக்குப் பிடிக்கும்.

ஷைனி பன்னிரண்டாவது போன வருடம் அமெரிக்காவில் வரி கூடியது. ஆர்டர் நின்றது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகி, பிறகு வாரத்துக்கு நான்கு நாள் வேலை ஆனது. காலேஜுக்கென்று போட்டு வைத்திருந்த சீட்டுப் பணத்தைப் பாதியில் எடுத்து வாடகை கொடுத்தாள், கடைசி டெர்ம் ஃபீஸைக் கட்டினாள். மீதி முப்பத்தோராயிரம் இருந்தது.

ரிசல்ட் வந்தது. ஐந்நூற்று நாற்பத்தொன்று. ரோஸ்மேரி கம்பெனிக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிப் போனாள். சூப்பர்வைசர் மகுடேஸ்வரன்கூட மிஷின் பக்கம் வந்து, "அடேங்கப்பா, நம்ம லைன்ல ஒரு என்ஜினியரம்மா வரப்போறாங்க" என்றார். அவள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள்.

கவுன்சலிங் அப்ளிகேஷன் போட வேல்குமாரின் பிரவுசிங் சென்டருக்கு அம்மாவும் மகளும் போனார்கள். வேல்குமார் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூலுங்களா?"

"இல்லப்பா. மெட்ரிகுலேசன்" என்றாள் ரோஸ்மேரி. சொல்லும்போது கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்ப ஏழரை வராதுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். ஏழரைங்கிறீங்க?"

"ஐயோ, சனியைச் சொல்லலீங்க அக்கா. கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஏழரை பர்சன்ட் சீட்டு தனியா இருக்குதுங்க. அதுல போனா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ்ஸு எல்லாமே கவர்மென்ட் கட்டிருமுங்க. ஒத்தப் பைசா வேண்டாம்."

ரோஸ்மேரி அவசரமாக, "அஞ்சாவது வரைக்கும் கவர்மென்ட்லதான் படிச்சா" என்றாள்.

"ஆறுல இருந்துதானுங்க கணக்கு. உங்க புள்ள ஆறாவது போறப்ப இப்படி ஒண்ணு கிடையாதுங்க. அப்புறம்தான் வந்துச்சு. யாருக்குங்க தெரியும்?"

யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தலைமை ஆசிரியைக்கும் தெரிந்திருக்காது.

ஐந்நூற்றைத் தொடாத சத்யப்பிரியாவுக்குக் கோயம்புத்தூரில் நல்ல காலேஜ் கிடைத்தது. படிப்பு, தங்கல் எல்லாம் இலவசம். மாதம் ஆயிரம் ரூபாயும் அரசிடமிருந்து வரும். கருத்தம்மா லட்டு கொண்டுவந்தாள். "உம் புள்ளைக்குத்தான்க்கா கெடைச்சிருக்கணும்" என்றாள். ரோஸ்மேரி லட்டை வாங்கி அவளுக்கே ஒரு துண்டு ஊட்டிவிட்டாள்.

ஷைனிக்குக் கிடைத்தது தனியார் காலேஜ். முதல் பட்டதாரிச் சலுகை போகவும் பஸ்ஸோடு சேர்த்து வருடத்துக்கு எண்பத்தைந்தாயிரம் ஆனது. சர்ச் பங்குச் சாமியார் பத்தாயிரம் தருவதாகச் சொன்னார். அதைச் சேர்த்தாலும் முதல் வருடத்துக்கே பாதிதான் தேறியது. அதற்கப்புறம் மூன்று வருடம் கிடந்தது.

"அம்மா, லோன் போடலாம்மா. நான் வேலைக்குப் போய்க் கட்டிருவேன். எல்லாருந்தான் போடறாங்க."

"அந்தப் பேச்சு எடுக்காத மக்கா."

"அப்ப என்னதான் பண்றது? நீயே சொல்லு."

ரோஸ்மேரி இரண்டு நாள் கழித்து, பணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின தினம், மகளிடம் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டுப் பேங்குக்குப் போனாள். அப்பா முகம் மனதில் வந்தது. வந்தாலும் படி ஏறினாள்.

மேனேஜர் அம்மா மார்க் சீட்டைப் பார்த்து, "நல்ல மார்க்" என்றார். ஆதார் நம்பரைத் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பேர்ல பழைய பாக்கி ஒண்ணு நிக்குதேம்மா."

"நான் லோனே வாங்கினதில்ல மேடம். மாதா மேல சத்தியம்."

"வாங்கல. ஜாமீன் போட்டிருக்கீங்க. ஜெரால்டுன்னு ஒருத்தருக்கு. கல்விக் கடன். வட்டியோட ஏழு லட்சம் தாண்டி நிக்குது."

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். சம்பளச் சீட்டு இருக்கிற ஆள் ஒருத்தர் வேண்டும் என்று அப்பா நாலைந்து பேப்பரை நீட்டினார். அடுப்பில் வேலையாக இருந்தவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அப்பா போனதோடு அதுவும் போனது என்று நினைத்திருந்தாள்.

"அதை முடிக்காம எதுவும் நடக்காதும்மா" என்றார் மேனேஜர். கடுமையாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, "பேங்குல தர மாட்டோம்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஷைனி அவளை நேராகப் பார்த்தாள். "நீ போயிருக்கவே மாட்ட. உனக்கு லோன்னாலே ஆகாது. என்னைய ஏம்மா ஏமாத்தற?"

ரோஸ்மேரி வாயைத் திறந்தாள். மாமாவுக்காகப் போட்ட கையெழுத்து என்று சொன்னால், நீ போட்டதுதானே என்று பிள்ளை கேட்கும். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. மகள் நினைத்ததே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் சாயங்காலத்தோடு அந்தச் சீட் வேறு யாருக்கோ போனது.

அரசு கலைக் கல்லூரிக்கு ஷைனி அப்ளிகேஷனே போட்டிருக்கவில்லை. என்ஜினியரிங் நிச்சயம் என்று நம்பியிருந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டபோது யாரும் எடுக்காத ஓரிரண்டு பாடம்தான் மிச்சம் இருந்தது. ஷைனி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, ஆர்டர் மெல்லத் திரும்பியிருந்த கம்பெனியில் ஆகஸ்டில் ஷைனி பேக்கிங் செக்‌ஷனுக்கு வந்தாள்.

சுறுசுறுப்பான பெண். ஆறே மாதத்தில் மகுடேஸ்வரன் சம்பளம் கூட்டிக்கொடுத்தார். சத்யப்பிரியா லீவுக்கு வந்தால் ஷைனி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. முதலில் அம்மாவோடு பேசுவதைக் குறைத்தாள். பிறகு சாதாரணமாகப் பேசினாள். அந்தச் சாதாரணம்தான் ரோஸ்மேரிக்குத் தாங்கவில்லை.

மறு வருடம் மே மாதம் அப்ளிகேஷன் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மேரி பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனாள். மகள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு டி-ஷர்ட்டுகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"மக்கா, காலேஜு அப்ளிகேசன் குடுக்காங்களாம். வேல்குமார் தம்பிகிட்ட ஒரு எட்டு போயிட்டு வருவமா?"

"இந்த வாரம் ஷிப்மென்ட் இருக்குதும்மா."

"அடுத்த வாரம்?"

"பாக்கலாம்" என்றாள் ஷைனி. மடித்ததை ஒரு கவருக்குள் போட்டு, அடுத்ததை எடுத்தாள்.

பெல் அடித்தது. ரோஸ்மேரி தன் மிஷினுக்குத் திரும்பினாள்.