காலையில் ஒரு சங்கிலி, மதியம் ஒரு சங்கிலி

சர்வேயர் சார், ராமாத்தாளின் தண்ணீரைத் திருடியது நீங்கள்.

போன வாரம் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் நிலம் அளக்கும் சங்கிலி ஒன்றைப் பார்த்தேன். துருவும் விளக்கெண்ணெயும் கலந்த நாற்றம். தொண்ணூறுகளில் என் சட்டையில், சோற்றில், தலையணையில் எல்லாம் அதே நாற்றம்தான். உங்களிடம் சங்கிலியின் பின்முனை பிடிக்கிற வேலை. பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்ளைக்கு எண்ணெய்ச் செக்குல வேலைங்களா?" என்று கேட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய சங்கிலி அறுபத்தாறு அடி. மீட்டர் கணக்கு வந்தபின் வந்தது இருபது மீட்டர். இரண்டிலும் நூறு கண்ணிதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் புதியது ஆறு விரற்கடை குட்டை. பழைய படத்தில் பத்துச் சங்கிலி என்று இருப்பதை, கணக்கை மாற்றாமல் புதியதால் பத்து முறை இழுத்தால் கிட்டத்தட்ட நாலடி காணாமல் போகும்.

சரவணம்பட்டியில் அப்போது தக்காளிக் காடுகள். ராமாத்தாளுக்கு நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மில் முதலாளி டிராக்டர் ஓட்டியதில் எல்லைக்கல் பெயர்ந்துவிட்டது என்று மனுக் கொடுத்திருந்தாள். கல் இருந்த இடத்தைக் காலால் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு மூணடி உள்ளாரத்தானுங்க போர் போட்டோம்."

ரோட்டோரக் கல்லிலிருந்து நீங்கள் குட்டைச் சங்கிலியை இழுத்தீர்கள். பத்தாவது சங்கிலி போருக்கு ஒரு சாண் இப்பாலேயே முடிந்துவிட்டது; போர் முதலாளி பக்கம் விழுந்தது.

"சார், படம் பழைய அளவுங்க. கணக்க மாத்தோணுமுங்க" என்றேன்.

"ஆறு விரக்கடைக்கு நாக்கு எத்தன நீளுது பாரு. புடிடா சங்கிலிய."

பிடித்தேன்.

"ஏனுங்க, தண்ணி என்ர காட்டுலதானுங்களே இருந்துச்சு?" என்றாள் ராமாத்தாள்.

முதலாளி சிரித்தார். "நானுங்களா அம்மணி அளந்தேன்? குடிக்க ஒரு கொடம் வேணும்னா வந்து புடிச்சுக்குங்க." எங்கள் பக்கம் கழுத்தை அறுப்பதும் 'ங்க' போட்டுத்தான்.

அளக்க வந்தவர்களுக்கு மனுக் கொடுத்தவர் வீட்டில்தான் சோறு. விடியும்போதே கோழி அடித்து வைத்திருந்தாள். போர் போனபிறகும் இலை போட்டாள். நீங்கள் ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். நான் மட்டும் என்ன, இரண்டு தரம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு முதலாளியின் மறுபக்கத்து எல்லையை அளந்தோம். ஜீப் சீட்டுக்கு அடியிலிருந்து பழைய சங்கிலி வெளியே வந்தது. அறுபத்தாறு அடி. அந்தப் பக்கம் அவருக்கு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

அந்தக் கோடையில் ராமாத்தாளின் தக்காளி கருகியது. காட்டை முதலாளிக்கே விற்றுவிட்டு வால்பாறைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

இன்று அங்கே தக்காளி இல்லை, கல் இல்லை. அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் போர், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் இன்னும் தண்ணீர் தருகிறது. குடியிருப்போர் சங்கத் தலைவர் நீங்கள். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைச் சங்கிலியை வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். மைக்கைப் பிடித்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: காலையில் எந்தச் சங்கிலி, மதியம் எந்தச் சங்கிலி, ஏன்?