கோப்பைகள் குலுங்காத பகல்

என் அப்பா பேர்னாட் தூண்டில் போடப் போகுமுன் கடலைப் பார்ப்பதில்லை. ரயிலைத்தான் கேட்பார்.

வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு இந்தப் பக்கம், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு இரண்டு அறை. வீதிக்கு அந்தப் பக்கம் இரண்டு தண்டவாளங்கள், அதற்கப்பால் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல். தெஹிவளைப் பக்கம் போகும் ரயில்கள் கரைப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும். கோட்டைக்குப் போகிறவை கடற்பக்கத்தில். கடல் பொங்கும் நாட்களில் அலை ஏறிக் கடற்பக்கத்துச் சல்லிக்கல்லை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்போது அந்தப் பாதையை மூடிவிட்டு, போகிறதையும் வருகிறதையும் கரைப்பக்கத்திலேயே மாறி மாறி விடுவார்கள்.

கல்லில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் இதிலிருந்து தங்களுக்கென்று ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார்கள். கடற்பக்கத்தில் ரயில் ஓடினால் இறங்கலாம், ஓடாவிட்டால் இறங்கக் கூடாது. முதலில் இதைச் சொன்னவர் யாரென்று எவருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பினார்கள்.

அப்பாவுக்கு வாசல்வரை போகும் வேலைகூட இருக்கவில்லை. கரைப்பக்கத்தால் ரயில் போனால் கண்ணாடி அலுமாரியில் அம்மா அடுக்கி வைத்திருக்கும் கோப்பைகள் கிணுகிணுக்கும். கடற்பக்கத்தால் போனால் இரைச்சல் மட்டும் வரும், கோப்பைகள் அசையா. நாற்காலியில் கண்ணை மூடியபடி, "இது கடற்பக்கம்" என்பார். பிறகு எழும்பித் தூண்டில் தடியை எடுப்பார்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை எண்ணினார், கடையொன்றில் சாமான் ஏற்றினார், பிறகு ஸ்கூல் வேன் ஓட்டத் தொடங்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் ஸ்கூல் வேன் அங்கிள்தான். விடிய முதல் ஹெவ்லொக் டவுனில் தொடங்கி ஒவ்வொரு வாசலிலும் ஹோர்ன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றுவார். இறக்கிவிட்டு வந்து சாப்பிடுவார், நாற்காலியில் கண் அயர்வார், மறுபடி ஏற்றப் போவார். இடையில் தொலைபேசி ஓயாது. "அங்கிள், மகள் இன்றைக்கு வரமாட்டா." "அங்கிள், ஏன் லேட்?" "அங்கிள், வோட்டர் போத்தல் வேனில கிடக்குதா பாருங்கோ." எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே குரல்தான். "ஓம் மிஸ். சொல்லுங்கோ மிஸ்."

கடலுக்குப் போகும்போது மட்டும் தொலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் போவார். உப்புத் தண்ணி பட்டால் பழுதாகிவிடும் என்பார். நானும் வெகுகாலம் அதுதான் காரணமென்று நினைத்திருந்தேன்.

மீன் அதிகம் பிடித்தவரல்ல. கொண்டுவருவதைப் பார்த்துவிட்டு அம்மா கொன்ஸ்ரன்ஸ் கேட்பார்: "இதைச் சமைக்கிறதா, பூனைக்குக் காட்டிட்டுப் பத்திரமா வைக்கிறதா?"

"பூனையிட்டக் கேளும்" என்பார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். புவியியல். வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வேலைக்கு விண்ணப்பிப்பதே வேலையாகிவிட்ட அந்த நாட்களில்தான் அப்பாவைக் கவனித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. படித்து முடித்தவள் வீட்டில் இருக்க, படிக்காதவர் உழைத்துக் களைத்து வந்து என் முன்னால் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்காகவா படித்தோம் என்று தோன்றும். வேறு எதற்காக என்றும் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. நாட்கணக்காக மழை. பக்கத்தில் கடலில் விழும் வாய்க்கால் நிரம்பி ஒழுங்கைகளுக்குள் வந்தது. அலை தண்டவாளத்தைத் தாண்டி மரைன் டிரைவில் விழுந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ரயில்கள் அடியோடு நின்றன. அப்பா வேனை மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். தொலைபேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூல் எப்போது திறக்கும் என்று அவரிடம் கேட்டார்கள், ஏதோ அவர்தான் மூடியதுபோல. வேலை செய்யும் நாட்களைவிட அந்த நாட்களில் அவர் களைத்துப் போனார்.

பிறகு ஒரு காலை வெயில் அடித்தது. காற்று விழுந்துவிட்டது. நேர்முகத் தேர்வுக்காகக் கொள்ளுப்பிட்டிக்குப் போக நான் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது ரயில் சத்தம் கேட்டது. மெல்ல, வெகு மெல்ல ஏதோ ஒன்று கடந்து போனது. நாங்கள் மூவரும் அலுமாரியைப் பார்த்தோம். கோப்பைகள் அசையவில்லை.

"கடற்பக்கம்" என்றார் அப்பா. அந்தக் கிழமை முழுதும் நான் கேட்காத குரல் அது.

நான் தொலைபேசியைப் பார்த்தேன். "கடல் இன்னும் கொந்தளிப்பா இருக்கும், கரைக்குப் போகவேண்டாமெண்டு மெசேஜ் வந்திருக்கு அப்பா."

"அது நாடு முழுக்க அனுப்புறது பிள்ள. எங்கட கல்லுக்கெண்டா அனுப்புறாங்கள்? ரயில் ஓடுதெல்லே, கோச்சிக்காரன் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டே ஓட்டுவான்? நீயும் கோச்சியிலயே போ, பஸ்ஸில நசியாம."

அது சரியாகத்தான் பட்டது. அலைகளைப் பற்றி ஒரு பாடம் முழுதும் எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன். புயல் கடந்த பிறகும் அது தூரத்தில் கிளப்பிவிட்ட அலைகள் வந்துகொண்டிருக்கும் என்று எழுதியிருப்பேன். ஆனாலும் சிறுவயதிலிருந்து பார்த்த கோப்பைகளை ஒரு பரீட்சை விடையால் தள்ளிவிட முடியவில்லை.

வாசலில் ஷாமில் வந்து நின்றார். காலி வீதியில் தையற்கடை வைத்திருப்பவர், அப்பாவின் தூண்டில் கூட்டாளி. கடைக்குள் தண்ணீர் புகுந்து, துணிகளைக் காயப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"பேர்னாட் அண்ணே, கோச்சி போச்சு, கேட்டீங்களா? வாய்க்கால் தண்ணி கடலுக்குள்ள மண்ணிறமா போய் நிக்கிது. அந்த ஓரத்தில பாரை மீன் வந்தீக்கி. இப்ப விட்டா பொறகு இல்ல."

அதுவும் பொய்யல்ல. புயலுக்குப் பின் வாய்க்கால் கொண்டுவந்து கொட்டும் கலங்கலுக்குச் சிறுமீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் கரைக்குக் கிட்ட வரும். கல்லில் நிற்கிறவர்கள் வருடம் முழுதும் காத்திருப்பது இந்த நாளுக்குத்தான். கடல் மிக மோசமாக இருப்பதும் இந்த நாளில்தான்.

"ரெண்டு பேரும் பெரிய பாரையாப் பிடியுங்கோ" என்றார் அம்மா. "வைக்க இடமில்லாட்டி நான் கட்டில்ல இருந்து இறங்கிப் படுக்கிறன்."

அப்பா சிரித்தார். தொலைபேசியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

நான் உடுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. மேடையில் ஒருவரும் இல்லை. தண்டவாளத்தில் கிடந்த குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். காலையில் ஒரு ரயில் போனதே என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஏக கல் கோச்சிய, நங்கி" என்றார்.

அது கல் ஏற்றிய ரயில், தங்கச்சி. வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் கடற்பக்கத் தண்டவாளத்தின் கீழே மண் முழுதும் கரைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறதாம். அதை நிரப்பக் கல் கொட்டப் போன ரயில் அது. அது கடற்பக்கத்தால் போனது ஆபத்தில்லை என்பதால் அல்ல. உடைந்தது அந்தப் பக்கம் என்பதால் போனது.

தண்டவாளத்தின் அடி கரைந்திருந்தால், அதற்கும் கீழே கிடக்கும் கருங்கற்களின் அடி என்னாகியிருக்கும்? அப்பா நிற்கும் கல் எப்போதும் பாலத்துக்குக் கிட்டத்தான்.

அம்மாவை அழைத்தேன். எடுக்கவில்லை. அப்பாவை அழைப்பதில் பயனில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, மரைன் டிரைவில் ஓடினேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தார்கள். ஷாமில் கீழே, தண்ணீருக்குக் கிட்ட. அப்பா ஒரு கல் மேலே, தன் தட்டையான கல்லில். கடல் அந்த நேரம் சோம்பலாகத்தான் இருந்தது. அலைகள் வந்து கல்லின் இடுக்கில் நுழைந்து திரும்பின. யார் பார்த்தாலும் இறங்கலாம் என்றுதான் நினைப்பார்கள்.

"அப்பா!"

மூச்சு வாங்கியதில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தண்டவாளத்தின் ஓரம் வரை போனேன். அதன் கீழே வெறும் குழி. கைகளை வீசினேன். அவர் முதுகு திரும்பவேயில்லை. அப்படி ஒரு முதுகை நான் வீட்டில் கண்டதில்லை. தோள்கள் தளர்ந்து, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முதுகு. அந்த நேரத்தில் ஏன் இதைக் கவனித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அப்போது தெஹிவளைப் பக்கமிருந்து நீண்ட ஹோர்ன் சத்தம் வந்தது. என் குரலுக்குத் திரும்பாதவர் அதற்குத் திரும்பினார். கல் கொட்டும் பெட்டிகள், விளிம்பில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களோடு ஊர்ந்து வந்தன. அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

தூண்டிலைச் சுற்றக்கூட இல்லை, தடியை அப்படியே போட்டுவிட்டார்.

"ஷாமில், வாடா மேல! இது கல்லுக் கோச்சி!"

"ஒரு நிமிசம் அண்ணே, தூண்டில்ல பெரிய சாமான் ஒண்டு கொளுவீக்கி!"

"அறுத்து விடடா!"

ஷாமில் அறுக்கவில்லை. அப்பா என்னிடம் ஏறி வந்துவிட்டார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். சோம்பலாக இருந்த கடல் பின்வாங்கி, கல்லின் அடிவரை காட்டியது. வந்த அலை உயரமானதல்ல, கனமானது. ஷாமிலுக்கு மேலால் போய், அப்பாவின் தட்டைக் கல்லில் அடித்தது. அத்தனை வருடமும் அசையாத அந்தக் கல் ஒரு பக்கமாகச் சரிந்தது. தண்ணீர் வடிந்தபோது ஷாமில் இடுப்பளவு கல்லிடுக்கில் கிடந்தார். கால் கீழே மாட்டியிருந்தது.

அப்பா என் கையை உதறினார்.

"போகாதீங்கோ!" என்று அவருடைய சேர்ட்டைப் பிடித்தேன். அவர் போகத்தான் வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பினேன். என் விரல்களைப் பிரித்துவிட்டு அவர் இறங்கினார்.

ரயில் நின்றது. தொழிலாளர்கள் கயிற்றோடு குதித்தார்கள். ஒருவர் சிங்களத்தில் அப்பாவை ஏசிக்கொண்டே கயிற்றை எறிந்தார். அப்பா அதை முதலில் ஷாமிலின் கைகளுக்கடியில் கட்டினார், பிறகு மிச்சத்தைத் தன் மணிக்கட்டில் சுற்றினார். அடுத்த அலை வந்தது. இருவரும் மறைந்தார்கள். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விறைப்பாகவே இருந்தது. தண்ணீர் வடிந்ததும் ஒருவர் கடப்பாறையோடு இறங்கிக் கல்லை நெம்பினார், மற்றவர்கள் இழுத்தார்கள். ஷாமில் கத்திய சத்தம் கடலுக்கு மேலாலும் கேட்டது.

மேலே கொண்டுவந்து கிடத்தியபோது அவருடைய கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது. அப்பாவின் உள்ளங்கைகள் சிப்பி கிழித்து இரத்தமாக இருந்தன. அந்தக் கைகளால் அவர் ஷாமிலின் முகத்தைத் துடைத்தார்.

"பெரிய மீன் அண்ணே" என்றார் ஷாமில், பற்கள் அடிக்க.

"வாயை மூடு. மீனாம் மீன்."

நேர்முகத் தேர்வுக்கு நான் போகவில்லை. ஆஸ்பத்திரி மர வாங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் சேலை உப்பில் விறைத்திருந்தது. அவர் கேட்டார்: "உன்ட இன்டர்வியூ?"

"வேற வரும்."

"வரும்" என்றார். இருவரும் அதை நம்பியதுபோல் இருந்தோம்.

ஷாமிலின் காலுக்குள் கம்பி வைத்தார்கள். இப்போது கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறார், மெஷினை மிதிக்க முடியாது. பள்ளிக்கூடங்கள் திறந்தன. பாலத்தடியைக் கல்லால் நிரப்பி, பயணிகள் ரயிலைக் கடற்பக்கத்தால் விட்டார்கள். முதல் நாள் அது போனபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரைச்சல் கேட்டது. கோப்பைகள் அசையவில்லை. அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அப்பா கரண்டியால் பிட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பார்த்தேன், அலுமாரியில் கோப்பைகளுக்கிடையே பழைய பத்திரிகையை மடித்துச் செருகியிருந்தது. இனி எந்தப் பக்கத்தால் எது போனாலும் அவை பேசா. அம்மா செய்ததா, அப்பா செய்ததா என்று நான் கேட்கவில்லை.

"உன்ட ஃபோனில கடலைப் பற்றி என்ன போட்டிருக்கு?" என்று ஒரு மத்தியானம் அப்பா கேட்டார்.

வாசித்தேன். கரைக்குப் போவதைத் தவிர்க்கவும்.

"எப்பவும் அதுதானா?"

"இந்தக் கிழமை முழுக்க அப்பிடித்தான்."

"போகவேண்டாமெண்டு சரியாச் சொல்லுறாங்கள்; எப்ப போகலாமெண்டு சொல்லமாட்டாங்கள்" என்றார். கைக்கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டியடியில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இரண்டாவது ஓட்டத்துக்கு இன்னும் நேரமிருந்தது. வேனை மரைன் டிரைவில், கடலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே ஸ்டியரிங்கில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோள்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. கதவைத் தட்டலாமா, திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் அவருடைய சட்டைப் பை அதிர்ந்தது. கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமலே அதைக் காதில் வைத்தார்.

"ஓம் மிஸ்" என்றார். "சொல்லுங்கோ மிஸ்."