லாய்டின் ஃபோல்டரோடு போன படங்கள்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் மரியகுழந்தைக்கு மூன்று பெண்கள். மூத்தவள் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டாள், கடைசியவள் கன்னியாஸ்திரீ ஆனாள். நடுவில் பிறந்த ஜெசிந்தாதான் பக்கத்து ஊரிகத்தில் தாமோதரனுடைய ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள். அவ்வூர் ஃபேக்டரி ஒன்றுக்கு வேண்டிய உதிரி பாகங்களுக்கு அங்கே ஐந்து பேர் படம் போட்டார்கள். உள்ரூமில் ஒரு லினக்ஸ் சர்வர். ஆளுக்கொரு ஃபோல்டர் உண்டு. ஆனால் படங்களெல்லாம் பொது ஃபோல்டரில்தான்.

அதைத் தேடிப் போக எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். சர்வர் போட்டதும் அது ஒவ்வொருவர் ஃபோல்டருக்குள்ளும் தானாக மவுண்ட் ஆகி அங்கேயே திறக்கும்படி ஜெசிந்தா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரே வீட்டுக்கு ஐந்து வாசல் வைத்த மாதிரி. எதில் நுழைந்தாலும் உள்ளே அதே சாமான்தான்.

2001இல் அந்த ஐந்து பேரில் ஒருவனான லாய்டுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. லாய்டு வேறு யாருமில்லை, ஜெசிந்தாவின் சித்தி ஃப்ளோராவுடைய மகன்.

"போறவன் ஃபோல்டர் எதுக்கு? எடுத்துடும்மா" என்றார் தாமோதரன்.

சனிக்கிழமை காலை அதை அடியோடு அழித்தாள். பொது ஃபோல்டர் அதற்குள்ளும் மவுண்ட் ஆகியிருப்பது அவளுக்கு நினைவில்லை. மெஷின் கேள்வி கேட்கவில்லை.

"இன்னாம்மா ஜெசி, என் படத்தைக் காணோம், எலி தின்னுட்ச்சா?" என்று வெளியிலிருந்து கத்தினார் படம் போடுகிறவர்களில் மூத்தவரான சம்பங்கி. அவர் படம் மட்டுமா, எல்லோர் படமும் போயிருந்தது. நகல் எடுத்து வைக்கும் பழக்கம் அந்த ஆபீசில் கிடையாது.

ஜெசிந்தா நேராகத் தாமோதரனிடம் போனாள். "நான்தான் சார் அழிச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "திங்கக்கெழம ஃபேக்டரிக்குப் படம் குடுக்கலன்னா அடுத்த வேலை வராது. எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பணும், தெரியுமில்ல?"

பழைய பிரிண்டாவது லாய்டிடம் இருக்குமா என்று கேட்க மத்தியானம் சித்தி வீட்டுக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. பையிலிருந்து பிளாப்பிகளை எடுத்தான்.

"புது ஆபீஸ்ல காட்டலாம்னு படத்தையெல்லாம் இதுல எடுத்துனு வந்தேன்க்கா. சாருக்குச் சொல்லாதே. ரிலீவிங் லெட்டர்ல அவுரு இன்னும் கையெழுத்தே போடல."

"சொல்லாம எப்டிடா? வானத்துலருந்து வுழுந்துதுன்னு சொல்லட்டா?"

லாய்டு எழுந்து செருப்பை மாட்டினான். "வாக்கா, நானே குடுக்கறேன்."

ஆபீசில் தாமோதரனுடைய மேஜைமேல் பிளாப்பிகளை வைத்து நடந்ததைச் சொன்னான்.

"திருட்டுப் பயலே!" என்றார் தாமோதரன்.

"இவன் திருடலன்னா நாமளும் வேலை தேடி பெங்களூர் ரயில்தான் சார்" என்றார் சம்பங்கி.

தாமோதரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மொதல்ல படத்தை ஏத்துங்க. திட்டறதை அப்பறம் வெச்சிக்கறேன்."

இரண்டு படங்கள் மட்டும் பிளாப்பிகளில் இல்லை. அவற்றைச் சம்பங்கி திரும்பப் போட்டார். சாயங்காலம் தாமோதரன் தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். திட்டி முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

அதற்குள் ஜெசிந்தா புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். போகிறவர் ஃபோல்டரிலிருந்து முதலில் பொது ஃபோல்டரைக் கழற்றும். கழன்றதா என்று பார்க்கும். கழலாவிட்டால் அழிக்காமல் நின்றுவிடும். அதைச் சோதித்துப் பார்க்க லாய்டுக்குப் புதிதாக ஒரு ஃபோல்டர் வைத்து, பொது ஃபோல்டரையும் அதில் மவுண்ட் செய்து, அவனையே மெஷின் முன்னால் உட்கார வைத்தாள்.

"நீயே அழி."

அவன் விரலை வைத்துவிட்டுத் தயங்கினான். அப்புறம் அழுத்தினான்.

"சம்பங்கியண்ணே, படமெல்லாம் பத்திரமா கீதா?" என்று உள்ளிருந்து கேட்டாள் ஜெசிந்தா.

"கீது, கீது. பயலை ரயிலேத்தும்மா."