மூடிய படகு

கிள்ளான் துறைமுகத்தில், மகளோடு தீவுக்குப் போய்வரத் தோதான படகைத் தேடி நின்றேன். டீசல் வாடை மூக்கில் ஏறியது.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது இதே துறையில் அப்பா, சுற்றிலும் மூடிய வேகப்படகைத்தான் தேர்ந்தெடுத்தார். "இதுலதான் புள்ள விழாதுலா" என்றார். நடுக்கடலில் என்ஜின் நின்று, படகு சாய்ந்து ஆடியது. ஜன்னல் எதுவும் திறக்கிற மாதிரி இல்லை. அம்மா முந்தானையால் என்னைத் தன் இடுப்போடு இறுக்கிக் கட்டினாள். அப்பா முடிச்சை அவிழ்த்தார்.

"ஒனக்கு நீச்சல் தெரியாது. நீ போனா அவளும் போயிருவா. எங்கிட்ட குடு."

அம்மா என்னைக் கொடுத்தாள். பிறகு என்ஜின் கிளம்பியது. வீடு வரும்வரை அவள் என்னைத் திரும்ப வாங்கவே இல்லை.

"எந்த போட்டு, அக்கா?" என்றார் இப்போது டிக்கெட் விற்பவர்.

திறந்த படகைக் காட்டி, "சின்னப் புள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் இருக்காண்ணே?" என்றேன். அப்போதுதான் பார்த்தேன், மகளை என் இடுப்போடு துப்பட்டாவால் கட்டியிருந்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது.

அவிழ்த்தேன்.