தோணியில் போட்ட கூச்சல்

சாமித்தம்பியைப் போலக் கோல் அடிக்க எங்கள் பக்கத்தில் அப்போது ஆளில்லை. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நடந்த ஆட்டத்தில், பாய்ந்து தலையால் முட்டிப் பந்தை உள்ளே போட்டான். அதே வேகத்தில் கோல் கம்பத்தில் மண்டை மோதி விழுந்தான். சனமெல்லாம் "கோல்! கோல்!" என்று கத்தியது. புத்தி தெளிவாக இருந்தபோது அவன் கடைசியாகக் கேட்டது அதைத்தான்.

பிறகு பெற்ற தாயையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கூட ஆடிய என்னையும் தெரியவில்லை. அவனைத் தோளில் தூக்கி ஆடியவர்கள், கண்டால் வேறு தெருவால் போனார்கள்.

ஒருநாள் காலை, அக்கரையில், படுவான்கரையில் நாட்டு வைத்தியம் பார்த்த பரிசாரியாரிடம் காட்டுவதற்கு அவனைத் தோணியில் ஏற்றி வாவியைக் கடந்தேன். தோணி தள்ளும் நீளக் கம்பை நாங்கள் கோல் என்போம். நடுவழியில் அது கை வழுக்கித் தண்ணீரில் விழுந்து, அவன் பக்கமாக மிதந்தது.

"சாமித்தம்பி, கோல்! கோல்!" என்று கத்தினேன், எட்டி எடுப்பான் என்று.

அவன் துள்ளி எழுந்தான். இரண்டு கைகளையும் உயர்த்திச் சிரித்தான். தோணி கவிழ்ந்தது.

அவனை இழுத்து வந்து கவிழ்ந்த தோணியைப் பிடிக்கவைத்தேன். தண்ணீரைக் கக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், நாம வெண்டுட்டமா?"

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றிருந்தோம்.

"ஓமடா, வெண்டுட்டம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. காய்ச்சல் கண்டு அந்தக் கிழமை முடியுமுன்னே போய்விட்டான். சொன்ன பொய்க்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் தோணியில் ஏறினால், இன்றைக்கும் நான் அதைக் கம்பு என்றுதான் சொல்கிறேன்.