விரலை விடாத கை

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல். மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம். பேய் என்றால் இருட்டும் கொலுசுச் சத்தமும் வேண்டும் என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். என்னிடம் அதெல்லாம் இல்லை. ஒரு கை மட்டும்தான் இருக்கிறது. ரொம்பச் சின்ன கை.

அப்போது நான் மருத்துவச்சிப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். என்னோடு சேர்த்து மூன்று பேர். முதல் நாள் பெரிய சிஸ்டர் எங்களைச் சுவரோரமாக நிற்க வைத்து, "எந்தக் கிறுக்கு பிடிச்சு இந்த வேலைக்கு வந்தீங்க? ஒவ்வொருத்தியா சொல்லுங்க" என்றாள். அவளுக்கு 'ர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. காரணம் பின்னால் புரியும்.

முதலாவது ஆள் ஸ்கூல் வேன் ஓட்டியவள். வேன்காரி என்றே கூப்பிடுவோம். "மழை நாள் சிஸ்டர். ஒரு டீச்சருக்கு என் பின் சீட்டுலயே பிறந்துடுச்சு. சீட் உறை போச்சு, வேலையும் போச்சு. கையில ஏந்தினது மட்டும் மனசை விட்டுப் போகலை."

இரண்டாமவள் சின்னப் பெண். "டாக்டர் படிப்புக்கு மார்க் பத்தலை சிஸ்டர். அப்பா பேசறதையே நிறுத்திட்டார். இப்போ பிரஷர் பார்க்கணும்னா மட்டும் 'ஏம்மா'ன்னு கூப்பிடறார்."

வேன்காரி சிரித்துவிட்டாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வீட்டுல சும்மா இருக்க முடியலை, சிஸ்டர்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் பாதிதான். மூன்று வருஷம் முன்னால் இதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் நான் கிடந்தேன். வலி தாங்காமல் கூப்பிட்டபோது இவள்தான் வந்தாள். "கத்தாதே. இன்னும் நேரமிருக்கு" என்றாள். டீ குடிக்கப் போனாள். அவள் திரும்பி வந்தபோது குழந்தை வெளியே கிடந்தது. அழவில்லை. வாரி எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "செத்துத்தான் பிறந்தது" என்று வெளியே நின்ற என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். என்னிடம் காட்டவே இல்லை.

இனி ஒருத்தியாவது தனியாகக் கிடந்து கூப்பிடக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பிரசவக் கட்டிலில் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

வேலை நன்றாகவே சொல்லித் தந்தாள். அதை மறைக்க மாட்டேன். ஒருநாள் பிறந்த குழந்தை ஒன்றின் உள்ளங்கையில் பேனாவை வைத்தாள். குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "எதை வெச்சாலும் பிடிக்கும். பிடுங்கக் கூடாது. புறங்கையைத் தடவினா தானா விடும்." தடவிக் காட்டினாள். பிஞ்சு விரல்கள் பூ மாதிரி விரிந்தன.

"பேனா எதுக்கு சிஸ்டர்? விரலையே வைக்கலாமே" என்றாள் வேன்காரி.

சிஸ்டரின் முகம் சுண்டிப்போனது. அப்புறம்தான் கவனித்தேன். அவள் எந்தக் குழந்தையின் கைக்கும் விரல் கொடுப்பதில்லை. வலது கையில் எப்போதும் இரண்டு கையுறை, ஒன்றின் மேல் ஒன்று.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக்காரியின் முதல் பிரசவத்தில், குழந்தையின் தலையைத் தாங்கும் அவள் கை மேல் சிஸ்டர் தன் கையை வைக்க வேண்டும். கை மேல் கை. அந்தப் பிரசவம் நல்லபடி முடிந்தால்தான் அடுத்தது. என் முறை வந்தது. கட்டில்... அதே ஜன்னலோரக் கட்டில்.

படுத்திருந்தவளுக்கும் முதல் குழந்தை. "அக்கா, நீங்க எத்தனை பார்த்திருக்கீங்க?"

"நீதான் முதல்."

"சரியாப் போச்சு. எனக்கும் இதான் முதல். ரெண்டு பேரும் சேர்ந்தே பாஸாவோம்." வலிக்கு நடுவிலும் சிரித்தாள். அவளை நான் விடப் போவதில்லை என்று அந்த நொடியில் முடிவு செய்தேன்.

மணி இரண்டே முக்கால். ஜன்னலில் சுள்ளென்று வெயில். என் மார்பில் ஏதோ ஈரம். குனிந்து பார்த்தேன்.

பால்.

மூன்று வருஷம் கழித்து... ரவிக்கை நனைய நனையப் பால்.

சிஸ்டரும் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். கடைசியாக, முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ..." என்றாள்.

அதற்குள் தலை தெரிந்தது. என் கையை வைத்தேன். அவள் கை என் கை மேல் வந்தது. தலை வெளியே வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி. இரண்டு சுற்று.

"கொடியைத் தலைக்கு மேலே எடுக்கணும். கையை எடுங்க சிஸ்டர்."

எடுக்கவில்லை.

"சிஸ்டர்..."

"வரலை" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "விரலைப் பிடிச்சிருக்கு."

"யாரு?"

இழுத்தாள். உடம்பே பின்னால் சாய்ந்தது. கை மட்டும் அசையவில்லை. அவள் கைக்கு அடியில் என் வலது கை மாட்டிக்கொண்டது. குழந்தையின் முகம் நீலமாகிக்கொண்டே வந்தது.

"அக்கா... என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைம்மா. நான் இங்கேயே இருக்கேன்."

இடது கையால் சிஸ்டரின் ஆள்காட்டி விரலைத் தொட்டேன்.

விரலைச் சுற்றி... இன்னொரு கை.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

தொட்டால் இருந்தது. ஜில்லென்று. ஈரமாக. நெல்மணி அளவு நகங்கள்.

நான்கு விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. சுண்டு விரல் மட்டும் மடங்கவில்லை. பின்பக்கமாகத் தொங்கியது.

கத்த வேண்டும் போலிருந்தது.

கத்தவில்லை.

புறங்கையைத் தடவினேன். "விடு கண்ணு" என்றேன். "அம்மா சொல்றேன். இந்தப் பாப்பா பாவம். விடு."

ஒரு விரல் விரிந்தது.

இன்னொன்று...

ஒவ்வொன்றாக.

விட்டது.

சிஸ்டர் மல்லாக்க விழுந்தாள். நான் கொடியைத் தலைக்கு மேலே எடுத்தேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குழந்தை வழுக்கிக்கொண்டு என் கையில் வந்தது. முதுகைத் துணியால் தேய்த்தேன். தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அழுதது.

"பாஸா?" என்றாள் அவள்.

"பாஸ்" என்றேன்.

அந்தச் சாயங்காலம் துணி அலசும் தொட்டிப் பக்கம் போனேன். வார்டு ஆயாம்மா என் ரவிக்கைக் கறையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னை முதல் நாளே அடையாளம் தெரிஞ்சுதும்மா. சொல்லத்தான் வாய் வரலை."

"என்னத்தைச் சொல்ல?"

"அது செத்துப் பிறக்கலை."

குழாயை மூடினேன்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினதுக்கு அப்புறம்தான்... துணியில சுத்தறப்போ அது அசைஞ்சுது. கையை நீட்டி சிஸ்டர் விரலைப் பிடிச்சுக்கிச்சு. நான் பார்த்தேன். 'உசிரு இருக்கு சிஸ்டர்'னேன். 'சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், வெளியே தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்'னாங்க."

"அப்புறம்?"

"துணியை அப்படியே மூடப் போனாங்க. அது விரலை விடலைம்மா. ஒவ்வொரு விரலாப் பிடிச்சு இழுத்தாங்க. சுண்டு விரல்ல... சத்தம் கேட்டுச்சு."

பிடுங்கக் கூடாது, தடவினால் விடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவள்.

எப்படித் திரும்பி வார்டுக்குள் வந்தேன் என்று தெரியவில்லை. பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையுறையையும் கழற்றிப் போட்டிருந்தாள். ஆள்காட்டி விரல் கறுத்து, நடுவில் நூலால் கட்டின மாதிரி உள்ளே போயிருந்தது. நான் பார்க்கும்போதே இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"திரும்ப வந்துடுச்சு" என்றாள். "நானும் தடவிப் பார்த்துட்டேன். விட மாட்டேங்குது. உனக்குத்தான் விடுது. தடவி விடு. உன் காலைப் பிடிக்கறேன்... வலி தாங்கலை."

விரலை என் பக்கம் நீட்டினாள்.

என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கத்தாதீங்க சிஸ்டர்" என்றேன். "இன்னும் நேரமிருக்கு."

டீ குடிக்கப் போனேன்.